அசிமெட்ரிக் உடை: சாய்கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள்

துணிக்கடையிலும் ஆன்லைன் விற்பனைத் தளங்களிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படும் சொல் 'அசிமெட்ரிக்'. அசிமெட்ரிக் குர்தி, அசிமெட்ரிக் டாப், அசிமெட்ரிக் கவுன். பொருள் எளிதுதான். உடையை நெடுக்குவாக்கில் நடுவே மடித்தால் இடதும் வலதும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. ஒரு தோளில் பட்டை இருக்கும், மறு தோள் திறந்திருக்கும். அல்லது கீழ் விளிம்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். முன்னால் குட்டையாகவும் பின்னால் நீளமாகவும் வரும் ஹை-லோ கவுனில் இடமும் வலமும் சமம்தான் என்றாலும், அதையும் கடைக்காரர்கள் இதே பெயரில்தான் விற்கிறார்கள். நாமும் சேர்த்தே பார்ப்போம்.

சேலை கட்டத் தெரிந்தவருக்கு இது பாதி தெரிந்த பாடம். வலது இடுப்பருகே கிளம்பும் துணி மார்பைக் குறுக்காகக் கடந்து, இடது தோளில் ஏறி, முதுகுப் பக்கம் முந்தானையாக இறங்குகிறது. பார்ப்பவரின் கண்ணும் அந்தச் சாய்வு வழியே மேலேறுகிறது. ஒரே ஐந்தரை மீட்டர் துணி ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும், பாட்டிக்கும் பேத்திக்கும் பொருந்திப்போகிறதே, அதற்கு அந்தச் சாய்கோடு ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். அசிமெட்ரிக் கவுனும் குர்தியும் செய்வது இதே வேலையைத்தான், வெட்டியும் தைத்தும்.

இந்த வகை உடையை எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது நிறத்தையோ விலையையோ அல்ல. சாய்கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பேன். கோடு முடிகிற இடத்தில் கண் நிற்கும். அந்த இடம் நீங்கள் காட்ட விரும்பும் இடமாக இருந்தால் உடை உங்களுக்கு உழைக்கிறது. இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும்.

நான் வாங்கிய முதல் ஹை-லோ கவுனில் இதைப் பட்டுத்தான் கற்றேன். படத்தில் மாடலுக்கு முழங்கால் அருகே முடிந்த முன்விளிம்பு, எனக்கு ஆடுசதையின் மிகத் தடித்த இடத்தில் வந்து நின்றது. கால் குட்டையாகவும் கனமாகவும் தெரிந்தது. உடையைத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் ஒரு யோசனையில் முன்பக்கத்தை மட்டும் மூன்று அங்குலம் ஏற்றிக் குண்டூசி குத்திப் பார்த்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் ஒடுங்குகிற இடத்தில் விளிம்பு வந்ததும் கவுன் வேறொன்றாகிவிட்டது. அந்தக் கவுனை ஏழு வருடம் உடுத்தினேன். பிழை என் காலிலும் இல்லை, கவுனின் வடிவத்திலும் இல்லை. கோடு முடிந்த இடத்தில்தான் இருந்தது.

எத்தனை வகை

கடையில் நூறு பெயர் சொன்னாலும் அடிப்படை நான்குதான்.

முதலாவது, ஒன் ஷோல்டர். ஒரு தோளில் தொடங்கி எதிர்ப்பக்க அக்குளுக்குக் கீழே முடியும் கழுத்து. பழைய கிரேக்கத்தில் உழைப்பாளிகள் வேலைக்குக் கை தடையில்லாமல் இருக்க ஒரு தோளை விட்டு உடுத்தினார்கள். இன்று அது மாலை விருந்துகளின் உடையாகிவிட்டது.

இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்று மடியும் முன்பக்கம். 1974-இல் நியூயார்க்கில் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க் கொண்டுவந்த ராப் டிரெஸ் இந்த வகை. நம் நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே வடக்கே அங்கரக்கா இருந்தது. ஒரு மடிப்பு மார்பின் குறுக்கே போய்ப் பக்கவாட்டில் நாடாவால் கட்டப்படும். இன்று அங்கரக்கா குர்தி எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான்.

மூன்றாவது, கீழ் விளிம்பு. இதில்தான் விதவிதமான வெட்டுகள் இருக்கின்றன, அவற்றின் கணக்கு அழகானது. கைக்குட்டை விளிம்பு என்று சொல்கிறார்களே, அது உண்மையிலேயே ஒரு சதுரத் துணி. 44 அங்குலப் பன்னாவில், அதாவது துணி அகலத்தில், 44 அங்குலச் சதுரம் வெட்டி, நடுவில் இடுப்புக்கு வட்டம் போடுங்கள். 28 அங்குல இடுப்பு என்றால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய நாலரை அங்குலம். சதுரத்தின் நடுவிலிருந்து பக்கம் 22 அங்குலம், மூலை 31 அங்குலம். ஆக, துணி பக்கங்களின் நடுவில் 17.5 அங்குலமும் மூலைகளில் 26.5 அங்குலமும் தொங்கும். விளிம்பில் எங்கும் கத்தரி வைக்காமலே ஒன்பது அங்குல ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. ஹை-லோவும் இப்படித்தான். முழுவட்டப் பாவாடையில் இடுப்பு வட்டத்தை நடுவில் போடாமல் முன்பக்கமாக நான்கு அங்குலம் தள்ளிப் போட்டால் முன்னால் நான்கு குறையும், பின்னால் நான்கு கூடும், வித்தியாசம் எட்டு. இந்தக் கணக்கு தெரிந்தால் தையல்காரரிடம் "இன்னும் கொஞ்சம் இறக்கம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் எத்தனை அங்குலம் என்று சொல்லலாம்.

நான்காவது, ஒருபக்க அலங்காரம். ஒரு தொடைப் பக்கம் மட்டும் ஸ்லிட், ஒரு தோளில் மட்டும் ரஃபிள் என்னும் அலைமடிப்பு, ஒரு கை மட்டும், இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் சுருக்கு.

துணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெட்டு பாதி, துணி பாதி. நம் தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் வெட்டு, நூலோட்டத்துக்கு 45 பாகையில் துணியைத் திருப்பி வெட்டுவது. அப்படி வெட்டிய துணி இழுத்தால் நெகிழும், உடம்பின் மேல் தண்ணீர் மாதிரி வழியும். பாரிஸில் 1920-களில் மாடலீன் வியோனே இதைத் தன் கைவண்ணமாகவே ஆக்கினார். சின்ன மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் அவர் உடைகளை உருவாக்கினார். சாய்ந்து விழும் உடைக்குச் சரிந்து விழும் துணி வேண்டும். ஜார்ஜெட், கிரேப், ரேயான், மல் காட்டன் நன்றாக விழும். கஞ்சி போட்ட விறைப்பான காட்டனில் கைக்குட்டை விளிம்பு வெட்டினால் மூலைகள் கீழே தொங்காமல் வெளியே துருத்தி நிற்கும்.

உடலமைப்புக்கு எது

விதிகளுக்கு முன் ஒரு வார்த்தை. குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்று காலங்காலமாகச் சொல்கிறோம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ், குறுக்குக் கோடுகளால் நிரப்பிய ஒரு சதுரம் அதே அளவுள்ள நெடுக்குக் கோட்டுச் சதுரத்தைவிட உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிகிறது என்று எழுதிவைத்தார். எனவே கீழே சொல்வதை எல்லாம் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தீர்ப்பு ஆளுயரக் கண்ணாடிக்கு.

முதலில் அளவு எடுங்கள். மார்பு, இடுப்பு, அதற்குக் கீழே பின்புறத்தின் மிக அகன்ற இடம், மூன்றின் சுற்றளவு. கூடவே தோளின் குறுக்களவு. எது அகலம், எது ஒடுக்கம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நம்மிடையே மிக அதிகமாகக் கேட்கும் கவலை, "எனக்கு மேலே ஒல்லி, கீழே அகலம்" என்பது. பேரிக்காய் வடிவம் என்பார்கள். இவர்களுக்கு ஒன் ஷோல்டர் அருமையான வெட்டு, அதுவும் பட்டையில் ரஃபிளோ பூ வேலையோ இருந்தால் இன்னும் நல்லது. தோளுக்குக் கொஞ்சம் அகலம் கிடைக்கிறது, கண் மேலே ஏறிவிடுகிறது. கீழே ஏ-லைன், அதாவது இடுப்பிலிருந்து மெல்ல விரிந்து இறங்கும் வெட்டு. சாய்ந்த விளிம்புள்ள குர்தி எடுத்தால், அதன் குட்டைப் பக்கம் இடுப்பின் மிக அகன்ற இடத்தில் முடியக் கூடாது. அதைவிட ஒரு சாண் கீழே, தொடை நடுவில் முடியட்டும். பக்கச் சுருக்கு இவர்களுக்கு வேண்டாம். அது அகலத்துக்கு அகலம் சேர்க்கும்.

வயிற்றுப் பகுதி பெரியவர்கள் அடுத்து கேட்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு, நாற்பது தாண்டிய பிறகு இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. பலர் தொளதொள சட்டைக்குள் போய்விடுகிறார்கள். அது உடலை இன்னும் பெரிதாகத்தான் காட்டும். அங்கரக்காவோ ராப் டிரெஸ்ஸோ போட்டுப் பாருங்கள். மார்புக்குக் கீழே பக்கவாட்டில் நாடா கட்டும் வகை. கோடு தோளிலிருந்து விலாவுக்குச் சாய்வாக இறங்குவதால் வயிற்றின் மேல் கண் நிற்க இடமே இல்லை. இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் சுருக்கு வைத்த கவுனும் இவர்களுக்கு நல்லது, சுருக்கிலிருந்து கிளம்பும் மடிப்புகள் வயிற்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். துணி ஒட்டிப்பிடிக்காத கிரேப்பாக இருக்கட்டும். மெல்லிய ஒட்டும் ஜெர்சி வேண்டாம். பெரும்பாலும் கால்கள் அழகாக இருக்கும், அதனால் முன்னால் சற்று ஏறிய ஹை-லோவும் தைரியமாகப் போடலாம்.

தோள் அகலமானவர்கள் ஒன் ஷோல்டருக்குப் பயப்படுவார்கள். பயம் வேண்டாம். இரண்டு தோளுக்கும் இடையில் நேராக ஓடும் கோட்டை அந்தச் சாய்வு நடுவே வெட்டிவிடுகிறது. பட்டை வெறுமையாக இருக்க வேண்டும், ரஃபிள் கூடாது, அவ்வளவுதான். கைக்குட்டை விளிம்பு கீழே அசைந்து எடையைச் சமன் செய்யும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருப்பவர்களுக்கு இந்த உடைகள் ஒரு வரம். பக்கச் சுருக்கு, ஒருபக்க ரஃபிள், கைக்குட்டை விளிம்பு, இதில் எதுவானாலும் உடலில் இல்லாத வளைவைக் கொடுக்கும். உடுக்கை போல இடை ஒடுங்கியவர்களுக்கு ராப் போதும். இடை தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

உயரம் குறைந்தவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். ஹை-லோவில் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஆறு, ஏழு அங்குலத்துக்கு மேல் போனால் பின்பக்கத் துணி உங்களை விழுங்கிவிடும். இரண்டாவது, முன்விளிம்பு முழங்காலை ஒட்டியே முடியட்டும். உயரமானவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஒரே வெட்டு இரண்டு வேறு உடல்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1981-இல் கணவர் அதிபராகப் பதவியேற்றபோது நான்சி ரீகன் உடுத்தியது ஜேம்ஸ் கலானோஸ் வடிவமைத்த வெள்ளை ஒன் ஷோல்டர் கவுன். 2009-இல் மிஷல் ஒபாமா உடுத்தியதும் வெள்ளை ஒன் ஷோல்டர், வடிவமைத்தவர் ஜேசன் வூ. நான்சி சின்ன உடல்வாகு. அவர் கவுன் உடலோடு நேராக இறங்கும், மணி வேலை செய்தது. மிஷல் நல்ல உயரம். அவருடையது இடுப்புக்கு மேலிருந்து விரிந்து தரை வரை வழியும் சிஃபான், அதில் துணிப் பூக்கள். தோள் வெட்டு ஒன்றுதான், கீழே எவ்வளவு துணி என்பதில்தான் வித்தியாசம். இரண்டுமே இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன. படங்களைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் இங்கே பத்து பத்தியில் சொல்வதை அவை ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

தைக்கக் கொடுக்கும்போது

என் அக்கா மகள் கல்லூரி ஃபேர்வெலுக்கு ஒன் ஷோல்டர் கவுன் கேட்டாள். பிடித்த ஒரு படத்தைப் போனில் காட்டித் தைக்கக் கொடுத்தோம். வந்த கவுனில் பட்டை வலது தோளில் இருந்தது, ஸ்லிட் இடது பக்கம். அவள் கேட்டது நேரெதிர். கோளாறு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. அந்தப் படம் கண்ணாடி முன் நின்று எடுத்த செல்ஃபி. இடம் வலமாக மாறியிருந்ததை நாங்களும் கவனிக்கவில்லை, தைத்தவரும் கேட்கவில்லை. விழாவுக்கு முந்தின நாள் அவள் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. அதனால் சொல்கிறேன், படத்தோடு சேர்த்து ஒரு தாளில் "உடுத்துபவரின் இடது தோள்" என்று எழுதிக் கொடுங்கள்.

எந்தத் தோள் என்பதை யோசித்தே முடிவு செய்யுங்கள். நம்மில் பலருக்கு ஒரு தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். பட்டை உயர்ந்த தோளில் இருந்தால் நழுவாது. இரண்டும் சமமாக இருந்தால் இடது தோளில் வையுங்கள். முந்தானைப் பழக்கத்தால் உடம்பு அதை உடனே ஏற்றுக்கொள்ளும், வலது கையும் தடையின்றி இருக்கும்.

துணி கொஞ்சம் அதிகம் ஆகும், அதற்குக் காரணம் உண்டு. சாதாரண உடைக்குத் துணியை இரண்டாக மடித்துப் பாதி வரைந்து வெட்டினால் இரு பக்கமும் கிடைத்துவிடும். இங்கே அது முடியாது. துணியை ஒற்றையாக விரித்து, நல்ல பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, முழு உருவத்தையும் வரைந்து வெட்ட வேண்டும். தையல்காரர் அரை மீட்டர் கூடுதலாகக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். கிராஸ் வெட்டு என்றால் விளிம்பு மடித்து அடிப்பதற்கு முன் உடையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடச் சொல்லுங்கள். துணி தன் எடையால் இறங்கவேண்டிய அளவுக்கு இறங்கிவிடும். அவசரப்பட்டு முதலிலேயே அடித்தால், பிறகு வேண்டாத இடத்திலும் கோணல் வந்து சேரும்.

ஒன் ஷோல்டருக்கு உள்ளாடை இன்னொரு கேள்வி. தனியாகப் பட்டையில்லாத பிரா போடலாம், அல்லது கப் வைத்தே தைத்துவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் நிம்மதி. திறந்த பக்க மேல்விளிம்பில் உட்புறமாக எலாஸ்டிக்கோ வழுக்காத சிலிகான் டேப்போ வைத்தால் அடிக்கடி இழுத்துவிட வேண்டியிராது. ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன் சும்மா நின்றால் போதாது. இரண்டு கையையும் தூக்குங்கள், உட்காருங்கள், குனிந்து செருப்பை மாட்டுங்கள்.

எந்த இடத்துக்கு எது

அலுவலகத்துக்கு அங்கரக்கா குர்தி, அல்லது இரண்டு மூன்று அங்குலம் மட்டும் சாய்ந்த விளிம்பு. கீழே நேரான பேண்ட். அதற்குமேல் சாய்வு வேண்டாம் என்பேன், மீட்டிங்கில் பேச எழுந்தால் கேட்பவர் கண் உங்கள் முகத்தில் இருக்க வேண்டும்.

கல்யாண ரிசப்ஷன் என்றால் ஒன் ஷோல்டர் கவுனுக்கு ஏற்ற மேடை. இங்கே நகைதான் பலரும் தவறும் இடம். சாய்ந்த கழுத்தோடு வட்டமான நெக்லஸ் மோதும். கழுத்தை வெறுமையாக விடுங்கள். வீட்டில் பெரியவர்கள் "கழுத்து மூளியா இருக்கே" என்பார்கள், அதற்குப் பதிலாகக் காதில் பெரிய ஜிமிக்கி போடுங்கள். அது தோள் வரை வந்து அந்த இடத்தை நிறைத்துவிடும். தாலிச் சங்கிலி போட்டிருப்பவர்கள் அதை உடைக்குள் விட்டுக்கொள்வது எளிது. வளையலைத் திறந்த தோள் பக்கத்துக் கையில் மட்டும் அடுக்கலாம். ஒரு பக்கம் துணியின் எடை, மறுபக்கம் தங்கத்தின் எடை.

இந்தச் சமநிலை புரிய வேண்டுமானால் சோழர் கால உமை வெண்கலச் சிலை ஒன்றைப் பாருங்கள், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நல்ல சிலைகள் இருக்கின்றன. எடை ஒரு காலில். இடுப்பு ஒரு பக்கம் ஒசிந்திருக்கும். ஒரு கை மலரைப் பிடிக்க மடங்கியிருக்க, மறு கை தளர்ந்து தொங்கும். இடமும் வலமும் எங்கும் ஒன்றுபோல் இல்லை, ஆனாலும் விழுந்துவிடும் என்று ஒரு கணமும் தோன்றாது. ஒரு பக்கம் மடங்கியதை மறுபக்கம் நீண்டது தாங்குகிறது. கூந்தல், காதணி, கைப்பை எதை எங்கே வைப்பது என்று குழம்பும்போது நான் அந்தச் சிலையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கூந்தலைத் தூக்கிக் கொண்டை போடலாம், அல்லது பட்டை உள்ள தோள் பக்கம் ஒதுக்கிவிடலாம். திறந்த தோளை மூடினால் அந்த வெட்டுக்குப் பொருளே இல்லை. ஹை-லோ போட்டால் காலணி முழுதாகத் தெரியும், அதனால் அதைக் கடைசி நிமிடத்துக்கு விடாதீர்கள். தோல் நிறத்தை ஒட்டிய செருப்பு காலை நீளமாகக் காட்டும். கணுக்காலில் குறுக்கே வார் கட்டும் வகை அந்த நீளத்தை வெட்டிவிடும்.

கடற்கரை, சுற்றுலா, நண்பர் பிறந்தநாள் போன்றவற்றுக்கு ரேயானில் கைக்குட்டை விளிம்பு டாப். இதற்கு விளக்கமே தேவையில்லை, வியர்வைக்கும் நல்லது. கோயிலுக்கு ஒன் ஷோல்டர் வேண்டாம். அங்கேயும் அங்கரக்காவே கைகொடுக்கும்.

ஓர் உடையில் ஒரு சாய்வு போதும். கழுத்தும் சாய்ந்து, விளிம்பும் சாய்ந்து, ஒரு தோளில் ரஃபிளும் இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். தொடங்குபவர்கள் ஒரே நிறத்தில் எடுங்கள். பெரிய பூப்போட்ட துணியில் வெட்டு தொலைந்துபோகும்.

இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஹை-லோவின் பின்பக்கமும் கைக்குட்டை விளிம்பின் மூலைகளும் துப்பட்டாவைப் போலவே சக்கரத்தில் சிக்கும். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும்போது ஆபத்து இன்னும் அதிகம். ஏறியதும் பின்துணியை முன்னால் இழுத்து மடியில் சுருட்டி, மேலே கைப்பையை வைத்துக்கொள்ளுங்கள். விழாவுக்கு என்றால் அன்று ஒருநாள் ஆட்டோவிலேயே போய்விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒன் ஷோல்டர் கவுனை ஹேங்கரில் மாட்டாதீர்கள். முழு எடையும் ஒரே பட்டையில் இறங்கி, இரண்டு மாதத்தில் பட்டை நீண்டுவிடும். உட்புறம் இடுப்புத் தையலில் இரண்டு நாடா வளையம் வைத்துத் தரச் சொல்லி, அதில் மாட்டலாம். கிராஸ் வெட்டு உடையை மாட்டவே வேண்டாம். பழைய மெல்லிய வேட்டித் துணியில் தளர்வாகச் சுருட்டி, பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு மேலே படுக்கவையுங்கள்.